பின்வரிசை

"அத்தான், கொஞ்சம் இங்க வாங்க" என்று கூடத்திலிருந்து மச்சினன் கூப்பிட்டபோது, அளவுக்காரர் தாம் வடிவமைத்த நூலக அறையின் நட்டநடுவில் நின்று தம்மையே மெச்சிக்கொண்டிருந்தார். மெச்சுவதற்கு வேறு ஆள் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"என்னன்னு சொல்லு மச்சான்."

"சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பாருங்க."

மச்சினனுக்குத் தச்சு வேலை. வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே இருபது வருடம் வேலை பார்த்தவன். ஆணி இல்லாத நேரத்திலும் இருக்கிற மாதிரிதான் பேசுவான். அவனே சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசிவிட்டான் என்றால் விஷயம் பெரிதுதான். அளவுக்காரர் கூடத்துக்குப் போனார்.

பழைய அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கை நிறையப் புத்தகங்களை உருவி மார்போடு அணைத்தபடி மச்சினன் ஸ்டூல்மேல் நின்றிருந்தான். உருவிய இடத்தில் அலமாரியின் பின்பலகை தெரிய வேண்டும். தெரியவில்லை. அங்கே இன்னொரு வரிசைப் புத்தகங்கள், சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பின்வீட்டுக்காரர்களைப்போல அவரைப் பார்த்து நின்றன.

"புத்தகத்துக்குப் பின்னாடி புத்தகம் இருக்கு" என்றான் மச்சினன்.

"இந்த ஒரு தட்டுல இருக்கும்."

மச்சினன் அடுத்த தட்டில் நான்கை உருவிக் காட்டினான். அங்கேயும் இருந்தன. அளவுக்காரர் தாமே ஓடிப்போய் எதிர்ச்சுவர் அலமாரியில் கைவிட்டார். இருந்தன. நடைவழியில் பார்த்தார், படுக்கையறையில் பார்த்தார், கட்டிலுக்குத் தலைமாட்டிலிருந்த குட்டை அலமாரியில் முட்டிபோட்டுப் பார்த்தார். எங்கே கையை விட்டாலும் பின்னால் ஒரு வரிசை, ஒழுங்காக, தூசுகூட இல்லாமல். வீடு முழுக்க ஒரு தட்டு பாக்கியில்லை.

புது நூலகத்தின் மொத்த நீளம் நானூற்று நாற்பது அடி. பழைய அலமாரிகளை அவர் அளந்ததில் வந்தது நானூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் இருபத்தெட்டு அடியை, "இனிமே வாங்கப்போறதுக்கு" என்று பெருந்தன்மையாக விட்டிருந்தார். இப்போது இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு அடிப் புத்தகம் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு இரட்டைப்பிறவியைக் கூட்டிக்கொண்டு வந்த கதை.

அவர் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே "ஒரு நூல் பிசகாது" என்று அச்சடித்திருந்தார். தச்சர்கள் பேச்சில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அன்றைக்குப் பிசகியது தச்சுக் கணக்கில் நாற்பதாயிரம் நூல், புத்தகக் கணக்கில் நாலாயிரம் நூல்.

எப்படிப் பிசகியது என்பதைச் சொல்லிவிடலாம். அவரும் தமக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நல்லவராக வர முயன்று.

வீட்டுக்கார அம்மாள் ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எக்ஸ்ரேயம்மா என்றால்தான் தெரியும். கணவர் போய் ஆறு வருடம் ஆயிற்று. புத்தகம் வாங்குவது ஒன்றுதான் அவருக்கு இருந்த கெட்ட பழக்கம். அந்த ஒன்றையே ஒன்பது பேருக்குப் போதுமான அளவு வைத்திருந்தார். அலமாரி நிரம்பித் தரைக்கு வந்து, தரையிலிருந்து நடைவழிக்கு வந்து, போன வருடம் அந்த நடைவழி அடுக்கில் இடறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தாம் வேலை பார்த்த அதே அறையில், தாம் பழக்கிய பெண்ணே அவருக்குப் படம் எடுத்தாள்.

வங்கியில் வேலை பார்க்கும் மகள் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். கணவன், இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கே குடிவருவது. ஒரே ஒரு அறை புத்தகத்துக்கு. மற்ற அறைகளில் மனிதர்கள். அந்த ஓர் அறைக்குள் அடங்காதது எதுவானாலும் பழைய பேப்பர் கடைக்கு. அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. அளவுக்காரர் வந்து அளந்து, "ஒரு புத்தகம்கூட வெளிய நிக்காதும்மா, என் பொறுப்பு" என்று மார்பில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

அளந்தது ஒரு காலை நேரம். மகள் கூடவே வந்தாள், எக்ஸ்ரேயம்மா டீ டம்ளரோடு பின்னால் வந்தார். அளவுக்காரர் அலமாரிச் சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு டேப்பை இழுத்தார், எழுதினார், அடுத்ததற்குப் போனார். இழுக்கும்போது ஒரு ஜோக், எழுதும்போது ஒரு ஜோக். பழைய அலமாரிகளின் ஆழம் பதினாறு அங்குலம் இருந்தது அவர் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு மரம் சும்மா கிடைச்சிருக்கு போல. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு ஆழம் எதுக்கு, தூங்கவா?" என்றார். மகள் சிரித்தாள். புதிய தட்டுகளுக்கு ஒன்பது அங்குலம் என்று அங்கேயே முடிவு செய்தார். அளவான ஆழம், ஒரு புத்தகத்துக்குப் பின்னால் இன்னொன்று ஒளிய முடியாது என்று அதையும் ஒரு பெருமையாகச் சொன்னார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள்; அவருடைய கெட்டிக்காரத்தனம் ஆறு வாரம் தாங்கியது, மரத்தில் அடித்திருந்ததால்.

இப்போது ஒன்பது அங்குலத்தில் இரண்டு வரிசை வைக்க முடியாது. தட்டுகள் சுவரோடு சுவராக, தரையிலிருந்து கூரைவரை பதித்து, மெருகேற்றி முடித்தாயிற்று. அறையின் நடுவில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சுற்றிலும் வெறும் தரை. அந்த வெறும் தரைக்கு அவர் "மூச்சு விடற இடம்" என்று பெயர் வைத்திருந்தார். படம் எடுத்து ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகைக்கு அனுப்பியும் இருந்தார். அடுத்த வாரம் ஆளோடு வருகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, இடம் பத்தாதா?"

எக்ஸ்ரேயம்மா நடைவழியில் வந்து நின்றிருந்தார். உடைந்து கூடிய மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சினன் ஸ்டூலிலிருந்து இறங்கி, புத்தகங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் ஏறினான்.

அந்த இடத்தில் அளவுக்காரர் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. "நான் தப்பா அளந்துட்டேன்." மூன்றே சொல். ஆனால் நாற்பத்தெட்டு வயதுவரை பழக்கமில்லாத சொற்கள் அவசரத்துக்கு வராது.

"புத்தகம் கொஞ்சம் கூடிப்போச்சும்மா" என்றார்.

யார் கூட்டினார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. மழை கூடிப்போச்சு, வெயில் கூடிப்போச்சு என்பதுபோல் சொன்னார். ஆனால் பழி காற்றில் நிற்காது, அருகில் இருக்கிற தலையில் போய் உட்காரும். அது எக்ஸ்ரேயம்மாவின் தலையில் போய் உட்கார்ந்தது.

"என் தப்புதான்" என்றார் அவர் மெதுவாக. "எனக்கு அளவே தெரியாமப் போச்சு. மகளுக்கு நாலாயிரம்னு சொல்லி வச்சேன்."

இல்லையம்மா என்று சொல்ல அங்கே இரண்டாவது வாய்ப்பு இருந்தது. அளவுக்காரர், "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் அதுகூடச் சொல்லவில்லை. கூடமே தன்னைக் கோணல் என்று சொல்லிக்கொண்டபோது மறுக்காமல் நின்றார்.

சாயங்காலம் மகள் வந்தாள். கோபப்படவில்லை; அதுதான் எக்ஸ்ரேயம்மாவுக்குக் கஷ்டமாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல அவர் சுவரோரமாக நின்றார்.

"அம்மா, பின்னாடி இருக்கிறதெல்லாம் என்ன?"

"படிச்சு முடிச்சது. படிச்சதைப் பின்னாடி தள்ளிடுவேன். முன்னாடி இருக்கிறது இனிமே படிக்க வேண்டியது."

"படிச்சு முடிச்சது எதுக்கும்மா?"

எக்ஸ்ரேயம்மா முந்தானையால் அலமாரி ஓரத்தைத் துடைத்தார்.

"சரி, அப்ப முன்னாடி இருக்கிறதைப் போடுவோமா?"

"அதைப் போட்டா, இனிமே படிக்கப் போறதில்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேடி."

மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஏதோ ஒண்ணுதான்மா. மறுபடியும் நடைவழியில அடுக்க விடமாட்டேன். நீ இன்னொரு தடவை விழுந்தா என்னால தாங்க முடியாது. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பேப்பர் கடை வண்டி வருது. அதுக்குள்ள நீயே பாத்து எடுத்து வச்சிடு."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

அந்த ஐந்து நாளும் அளவுக்காரர் அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் போனார். ஏணி உருளும் கம்பி கீச்சிடுகிறது என்று ஒரு நாள், கதவுக் கீல் தளர்ந்திருக்கிறது என்று ஒரு நாள். கீலுக்கு வாய் இருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும். எக்ஸ்ரேயம்மா நடைவழியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக மடியில் வைத்துத் திறந்து பார்த்தார். வைத்துக்கொள்வது ஓர் அடுக்கு, கொடுத்துவிடுவது ஓர் அடுக்கு, பார்க்கலாம் என்பது ஓர் அடுக்கு. முதல் நாள் முடிவில் பார்க்கலாம் அடுக்கு மட்டும் இடுப்புயரம் இருந்தது.

புத்தகங்களுக்குள் அடையாளத்துக்காக அவர் வைத்திருந்தது கழித்துப்போட்ட எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய துண்டுகள். ஒரு கடல்பயண நூலில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் இருந்தது. தேனீ வளர்ப்பு நூலில் ஒரு குழந்தையின் முழங்கை.

"இது யாருன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார் அளவுக்காரர், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ஆள் ஞாபகம் இல்ல தம்பி. எந்தப் பக்கத்துல நின்னேங்கிறது ஞாபகம் இருக்கு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல நாலு நிமிஷம் கிடைக்கும். நாலு நிமிஷத்துல ரெண்டு பக்கம். அப்படியே படிச்சதுதான் இவ்வளவும்."

அளவுக்காரர் அதற்கு ஒரு ஜோக் யோசித்தார். வந்தது, நல்ல ஜோக்குகூட. ஆனால் வாய்வரைக்கும் வந்து கசந்துவிட்டது.

"அம்மா, அன்னைக்கு நான் அளந்தப்போ நீங்க பக்கத்துலதான நின்னீங்க" என்று ஆரம்பித்தார். "பின்னாடி ஒரு வரிசை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தம்மேல் அருவருப்பு வந்தது. பாதிப் பழியை அந்த அம்மாள் கையாலேயே வாங்கிக்கொள்ள வைக்கப் பார்க்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் பதிலுக்குக் காத்திருந்தார்.

எக்ஸ்ரேயம்மா கையிலிருந்த புத்தகத்தை மூடிக் கொடுத்துவிடும் அடுக்கில் வைத்தார். "டீ ஆறிடப் போகுது தம்பி, குடிங்க" என்றார்.

வீட்டில் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். மனைவிக்குத் தையல் வேலை. அவள் மேஜையில் யாரோ ஒருவருடைய பள்ளிச் சீருடையை விரித்து, கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தாள்.

"ஒருத்தர் மறைச்சு வச்சிருந்தா, அளக்க வந்தவனுக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"இல்ல, பொதுவா கேக்கறேன்."

"பொதுவா கேக்கறவங்க இப்படியா வேர்ப்பாங்க?" என்று துணியைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைப் பார்த்தாள். "ஒரு குழந்தைக்குச் சட்டை தைக்கறேன், கை உள்ள போகலன்னா யாரைக் கேப்பாங்க?"

"அதைத்தான் உன்னைக் கேக்கறேன்."

"சாப்பாடு எடுத்து வைக்கவா?"

மச்சினனைக் கேட்டபோது அவன் வாயிலிருந்த ஆணியை எடுத்தான். "அத்தான், நீங்க ஒரு தடவை எனக்குச் சொன்னீங்க, தெரியாத பலகையைத் தட்டிப் பாத்து வாங்கணும்னு" என்று சொல்லிவிட்டு ஆணியை வாயில் போட்டுக்கொண்டான். தப்பு உங்களுடையதுதான் என்று நேராக ஒரு பயலாவது சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போடலாம். ஒருவரும் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம் வேடிக்கையாகவே பதில் சொன்ன மனிதருக்கு ஊரும் அந்த வழக்கத்திலேயே பதில் சொன்னது.

இதில் கேவலம் எதுவென்றால், வழி இருப்பது அவருக்குத் திங்கட்கிழமை மத்தியானமே தெரியும். பதினான்குக்குப் பதினெட்டு அடி அறை. நடுவிலே பத்தடி நீளத்தில் மூன்று அலமாரிகள், இரண்டு பக்கமும் தட்டுகளோடு. இடையிலே மூன்று மூன்றடி நடக்க வழி. கணக்குப் போட்டால் நானூற்று எண்பது அடி வருகிறது. பின்வரிசை முழுவதும் அதில் அடங்கும், மிச்சமும் இருக்கும். ஆனால் மூச்சு விடுகிற இடம் போய்விடும். நாற்காலி ஜன்னலோரம் ஒண்டிக்கொள்ள வேண்டும். அழகான அறை, அரசாங்க ஆவணக் கிடங்கு மாதிரி ஆகிவிடும். பத்திரிகைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதைவிட முக்கியம், ஏன் இப்போது இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் மூன்று அலமாரியைத் தலைக்குள் மறைத்துக்கொண்டு, அந்த அம்மாள் புத்தகத்தைக் கழிப்பதை டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேயம்மா வேகம் பிடித்திருந்தார். புத்தகத்தைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். திறந்தால் கொடுக்க முடியவில்லை என்று கண்டுபிடித்திருந்தார். அட்டையைக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்து எடுத்து வைத்தார். எக்ஸ்ரே துண்டுகளை மட்டும் உருவி ஒரு சிகரெட் பெட்டி அளவுத் தகர டப்பாவில் சேர்த்தார். டப்பா நிரம்பி, இன்னொரு டப்பா வந்திருந்தது.

"தம்பி, கட்டுக் கட்ட ஒரு கை கொடுக்கறீங்களா? எனக்கு இந்த மணிக்கட்டு வச்சு இறுக்க முடியல."

அளவுக்காரர் சணல் கயிற்றை எடுத்தார். இருபது இருபதாக அடுக்கி, குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மேலே ஒரு முடிச்சு. நன்றாகக் கட்டினார். தொழில் சுத்தம் மட்டும் அவரிடம் எப்போதும் உண்டு. நாற்பதாவது கட்டோ என்னவோ, இறுக்கும்போது ஒரு புத்தகத்தின் முதுகு கயிற்றில் மடங்கியது. எக்ஸ்ரேயம்மா கையை நீட்டி அதை நிமிர்த்திவிட்டு, பின்பு எடைக்குப் போகிறதை எதற்கு நிமிர்த்துகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க கிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும் தம்பி" என்றார்.

அளவுக்காரர் முடிச்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எவ்வளவு அழகா ஒரு அறை பண்ணிக் கொடுத்தீங்க. மகளும் சொன்னா, பத்திரிகையில எல்லாம் வரப்போகுதாமே. என்னோட பேராசையால உங்க வேலைக்குக் கெட்ட பேர். நீங்க அஞ்சு நாளா உங்க பொழப்பை விட்டுட்டு இங்க வந்து நிக்கறீங்க. எனக்கு உங்க முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு."

அவர் கட்டியதிலேயே மிக மோசமான முடிச்சு அதுதான். ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். வாசலில் நின்றிருந்த தம் வண்டியின் கண்ணாடியில் முகம் தெரிந்தது. தாங்க முடியாமல் கண்ணாடியைத் திருப்பிவிட்டார். பாதித் தெரு போன பிறகுதான் பின்னால் வரும் வண்டிகள் ஒன்றும் தெரியவில்லை என்பது உறைத்தது. நிறுத்தி, திருப்பி வைத்துக்கொண்டு, நேரே மச்சினனின் பட்டறைக்குப் போனார். அங்கிருந்தே பத்திரிகைக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். காரணம் கேட்டார்கள். "அறை இன்னும் முடியல" என்றார். அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். போன் என்பதால் முகம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர் போனபோது பேப்பர் கடை வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தது. கடைக்காரர் வாசலில் எடைக் கருவியை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார். மகள் வாசற்படியில் நின்றாள். எக்ஸ்ரேயம்மா உள்ளே, கட்டுகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வரவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றார் அளவுக்காரர். "அம்மா முன்னாடி சொல்லணும்."

உள்ளே போய் நின்றதும், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு காணாமல் போனது. மச்சினன் நடைவழி முனையில் நின்று தரையைப் பார்த்தான்.

"புத்தகம் கூடல" என்றார். "நான்தான் பாதி அளந்தேன். முன்வரிசையை மட்டும் அளந்துட்டு முழுசும் அளந்த மாதிரி எழுதிட்டேன். பதினாறு அங்குல அலமாரியைப் பாத்ததுமே சந்தேகம் வந்திருக்கணும். வரல. திங்கக்கிழமையே எனக்குத் தெரியும், சொல்லல. அம்மா தன்மேல போட்டுக்கிட்டாங்க, நான் பேசாம இருந்துட்டேன்."

மகள் அவரையே பார்த்தாள். "அம்மா நாலாயிரம்னுதானே சொன்னாங்க?"

"அவங்க என்ன வேணாலும் சொல்லலாம் மேடம். அளக்கறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்க."

"அஞ்சு நாளா இவங்க ராத்திரி சாப்பிடல" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "அஞ்சு நாளா நீங்க இங்க உக்காந்து கட்டுக் கட்டிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"பத்திரிகைக்காகவா?"

அளவுக்காரருக்கு அப்போது தப்பிக்க ஒரு வழி இருந்தது. மச்சினன் வேலை, மரம் வரத் தாமதம், இப்படி ஏதாவது. "அதுவும்தான்" என்றார். "தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரல, அது அதைவிடப் பெரிய காரணம்."

பிறகு மூன்று அலமாரிகளைப் பற்றிச் சொன்னார். காகிதத்தை விரித்துக் காட்டினார். அறையின் அழகு போய்விடும் என்பதையும் சொன்னார், இந்தத் தடவை எதையும் விழுங்காமல். மச்சினன் மூன்று வாரத்தில் முடித்துவிடுவான், அதுவரைக்கும் கட்டுகள் அவன் பட்டறையில் உலர்ந்த இடத்தில் இருக்கும், செலவு தம்முடையது என்றார்.

மகள் காகிதத்தைப் பார்த்தாள். "எல்லாமே இந்த ஒரு அறைக்குள்ள அடங்குமா? இந்தத் தடவையாவது உறுதியாத் தெரியுமா?"

"நேத்து இங்க நான் கட்டின கட்டுல ஒரு அடிக்கு எத்தனை வந்துச்சுங்கிறதை வச்சு, சாயங்காலம் பட்டறையில மறுபடியும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு வந்தேன். அடங்கும்."

மகள் வாசலுக்குப் போனாள். கடைக்காரர் ஏதோ முனகுவதும், மகள் சமாதானம் சொல்வதும், பழைய செய்தித்தாள் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு வண்டி கிளம்புவதும் கேட்டது. திரும்பி வந்தவள், "நடைவழியில ஒரு புத்தகம் கிடந்தாலும் நான் உங்களைத்தான் கூப்பிடுவேன் சார், ராத்திரி ரெண்டு மணியானாலும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குச் சாப்பிட ஏதாவது செய்ய அடுக்களைக்குப் போனாள். மச்சினனும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் பின்னாலேயே போய்விட்டான். அவனுக்குத் தாகம் எடுத்து அளவுக்காரர் அதுவரை பார்த்ததில்லை.

எக்ஸ்ரேயம்மா பக்கத்திலிருந்த கட்டைத் தம் பக்கம் இழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். கை ஒத்துழைக்கவில்லை. அளவுக்காரர் தரையில் உட்கார்ந்து அதை வாங்கி அவிழ்த்தார். பட்டறைக்கு எடுத்துப்போகக் கட்டு அப்படியே இருந்தால்தான் வசதி என்று இருவருக்குமே தெரியும்; இருந்தாலும் அவிழ்த்தார்கள். மேலே இருந்த புத்தகத்தை எக்ஸ்ரேயம்மா எடுத்துத் திறந்து, தகர டப்பாவில் துழாவி, ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது இல்லை என்று வைத்துவிட்டு, இன்னொன்றைத் தேடினார்.

நன்றி என்று அவர் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அளவுக்காரர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது. ஒப்புக்கொண்டால் உடனே ரசீது கிடைக்கும் என்று நினைத்திருந்தார் போலும்.

இன்னும் மூன்று கட்டு அவிழ்த்த பிறகு, "அம்மா, பழியைத் தள்ளி விடறதுக்காகக் கேக்கல" என்றார். "அது முழுசும் என்னுதுதான். ஆனாலும் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. அன்னைக்கு நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

எக்ஸ்ரேயம்மா டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை டீயைப் பற்றிப் பேசவில்லை.

"மக கூட நின்னா. அவ முன்னாடி வெக்கமா இருந்துச்சு. பாதிக் காரணம் அது" என்றார். "அப்புறம் அவளுக்குப் போன் வந்து வெளிய போனா. அப்ப சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் கிட்ட வந்தேன். நீங்க அளக்கறதைப் பாத்துட்டே இருந்தேன் தம்பி. நாலு அறை அளந்தீங்க. புத்தகத்துக்கு இடம் பண்ண வந்தவர், ஒரு புத்தகத்தைக்கூட வெளிய எடுத்துப் பாக்கல. ஒண்ணைத் தொட்டிருந்தீங்கன்னாகூட பின்னாடி இருந்தது தெரிஞ்சிருக்கும். இந்த ஆளுக்கு எதுக்குக் காட்டணும்னு தோணிச்சு. அதனாலதான் சொல்லல."